கார் கீறலையும் நசுங்கலையும் வீட்டிலேயே சரிசெய்யலாமா?

கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல், பானெட்டில் கல் தெறித்துப் பெயின்ட் போன சில புள்ளிகள், பின் பம்பரின் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நசுங்கல். ஒர்க்‌ஷாப்பில் மூன்றுக்கும் முழுசாகப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்கிறார்கள். டூத்பேஸ்ட், ஹேர் டிரையர், ஐஸ் கட்டி வைத்து வீடியோக்களில் செய்து காட்டுகிறார்கள். அதை நம்பி நானே இறங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செலவைப் பற்றிய கேள்வி மாதிரி தெரிந்தாலும், நான் கை வைத்து இருப்பதையும் கெடுத்துவிடுவேனோ என்கிற பயம்தான் அதற்குள் இருக்கிறது. நியாயமான பயம்தான். வாகனப் பெயின்ட் வேலையில் பல வருஷமாக இருக்கிறேன். வீட்டில் முயன்று பார்த்துவிட்டு எங்களிடம் வரும் வண்டிகள் பலவற்றில், முதலில் விழுந்த கீறலைவிட அதைப் போக்கத் தேய்த்த இடம்தான் பெரிய வேலையாக இருக்கும். அதே சமயம், தேவையே இல்லாமல் ஒரு கதவு முழுக்கப் பெயின்ட் அடிக்கப்படுவதையும் பார்த்திருக்கிறேன். நீங்கள் சொன்ன மூன்றையுமே வீட்டில் செய்ய முடியும். ஆனால் மூன்றும் மூன்று விதமான வேலை. ஒன்றுக்கான வைத்தியத்தை இன்னொன்றில் காட்டினால்தான் வம்பு.

முதலில் உங்கள் கைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். இரும்புத் தகட்டின் மேல் துரு பிடிக்காமலிருக்க ஒரு அடிப்பூச்சு, அதற்கு மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேல் கண்ணாடி மாதிரி நிறமில்லாத கிளியர் கோட். கம்பெனியிலிருந்து வரும் பெயின்ட் மொத்தமும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். சாதாரண எழுதுதாள் ஒன்று ஏறக்குறைய 100 மைக்ரான் இருக்கும். அதிலும் கிளியர் கோட்டின் பங்கு சுமார் 35 முதல் 50 மைக்ரான். பளபளப்பு அதில்தான் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து கீழே உள்ள நிறத்தைக் காப்பதும் அதுதான். வீட்டில் செய்யும் பாலிஷ் வேலை எதுவானாலும், கீறலின் அடி மட்டத்துக்குச் சுற்றியுள்ள கிளியர் கோட்டையும் கொஞ்சம் தேய்த்துக் குறைப்பதுதான். தேய்த்தது திரும்பி வளராது. கையிருப்பு இவ்வளவுதான் என்று மனசில் வைத்துக்கொண்டு, தேவையான அளவுக்கு மட்டும் செலவழிக்க வேண்டும். நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு கணக்கிலிருந்து வருவதுதான்.

கீறலின் ஆழத்தைப் பார்க்கக் கருவி வேண்டாம். அந்த இடத்தை ஷாம்பு போட்டு நன்றாகக் கழுவித் துடையுங்கள். மண் ஒட்டியிருக்கும்போது தேய்த்தால் புதுக் கீறல்தான் விழும். பிறகு கீறல் மேல் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். ஈரமாக இருக்கும்வரை கீறல் மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரிந்தால் அது கிளியர் கோட்டோடு நிற்கிறது. அடுத்து, நகத்தைக் குறுக்கே மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் தடுக்காமல் வழுக்கிப் போனால் பாலிஷில் போகும். நகம் சிக்கினால் பாலிஷில் முழுசாகப் போகாது. விளிம்பு மழுங்கிக் கொஞ்சம் மங்கலாகும், அவ்வளவுதான். கீறலுக்குள் வேறு நிறம் தெரிந்தால், அதாவது சாம்பலாகவோ வெள்ளையாகவோ தெரிந்தால் பிரைமர். உலோகம் மின்னினாலோ பழுப்பாக இருந்தாலோ தகடு வரைக்கும் இறங்கிவிட்டது. நகச் சோதனை தோராயமானதுதான். தண்ணீர், நகம், நிறம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அநேகமாக ஏமாற மாட்டீர்கள். கதவில் இருக்கும் நீளக் கீறல் ஒரே ஆழத்தில் இருக்காது என்பதையும் கவனியுங்கள். ஒரு முனையில் லேசாகத் தொடங்கி நடுவில் ஆழமாகப் போயிருக்கும். அந்த நடுப்பகுதியை வைத்து முழுக் கீறலுக்கும் வைத்தியம் பார்க்க வேண்டியதில்லை.

கீறல் என்று நினைப்பது பல நேரம் கீறலே இல்லை. சுவரிலோ இன்னொரு வண்டியிலோ உரசியபோது அதன் பெயின்ட் உங்கள் வண்டியில் அப்பிக்கொண்டிருக்கும். விரலால் தடவினால் பள்ளமாக இல்லாமல் லேசாக மேடாக இருக்கும். ஐசோபுரோபில் ஆல்கஹாலையோ தார் நீக்கும் திரவத்தையோ மைக்ரோஃபைபர் துணியில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். மிச்சத்தைக் கொஞ்சம் ரப்பிங் காம்பவுண்ட், அதாவது பெயின்ட்டைத் தேய்த்து மெருகேற்றும் பசை, எடுத்துவிடும். பயங்கரமாகத் தெரிந்த ஒரு வெள்ளைப் பட்டை பத்து நிமிஷத்தில் காணாமல் போவதுண்டு. பெயின்ட் கடைத் தின்னரை மட்டும் இதற்குத் தொடாதீர்கள். கம்பெனிப் பெயின்ட் ஓரளவு தாங்கும்; ஏற்கெனவே டச்-அப் செய்த, அதாவது பெயின்ட் போன இடத்தில் மட்டும் தொட்டு வைத்த இடமோ ஸ்பிரே டப்பா அடித்த இடமோ இருந்தால் கரைந்து கையோடு வந்துவிடும்.

இப்போது டூத்பேஸ்ட். அது வேலை செய்யவே செய்யாது என்று சொன்னால் பொய். பல்லைத் தேய்க்க அதில் மென்மையான சுரண்டும் தூள் இருக்கிறது. மேலோட்டமான மங்கலை அது கொஞ்சம் குறைக்கும். ஆனால் அந்தத் தூள் பல்லுக்காக அளவெடுக்கப்பட்டது, பெயின்டுக்காக இல்லை. ஒரு பேஸ்ட்டில் ஒன்றுமே நடக்காது, இன்னொன்றில் புதுசாக மெல்லிய கோடுகள் விழும். சின்ன டப்பா காம்பவுண்டும், ஒரு சின்ன டப்பா நைஸ் பாலிஷும் வாங்கினால் பல வருஷத்துக்கு வரும். காம்பவுண்ட் தேய்த்துக் குறைக்கும். பாலிஷ் அந்தத் தேய்மானத்தின் கோடுகளை எடுக்கும். வேக்ஸ் எதையும் தேய்க்காது, மேலே ஒரு படலமாக உட்கார்ந்து கீறலைக் கொஞ்ச நாள் மறைத்து வைக்கும். இந்த மூன்றையும் ஒன்றாக நினைப்பதால்தான் 'பாலிஷ் போட்டேன், நாலு கழுவலில் கீறல் திரும்பி வந்துவிட்டது' என்கிற புகார் வருகிறது. அது வந்த கீறல் இல்லை, போகவே போகாத கீறல்.

நகம் வழுக்கும் கீறலுக்கு முறை எளிது. நிழலில், பேனல் கைக்குச் சூடில்லாமல் இருக்கும்போது, பக்கத்தில் இருக்கும் ரப்பர் பீடிங், கறுப்பு பிளாஸ்டிக் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு, பட்டாணி அளவு காம்பவுண்டை ஃபோம் பேடில் எடுத்து, ஒரு சாண் சதுரத்துக்குள் மிதமான அழுத்தத்தில் தேய்த்துத் துடைத்துப் பாருங்கள். ஒரே ஒரு விரலால் அழுத்தித் தேய்த்தால் அந்த இடம் மட்டும் குழிந்து, வெயிலில் அலை மாதிரி தெரியும். பேனலின் மடிப்புகள், கதவின் ஓரங்கள் ஆகிய இடங்களில் பெயின்ட் மெலிசாக இருக்கும், அழுத்தமும் அங்கேதான் குவியும். கிளியர் கோட் முதலில் போவது அங்கேதான். அங்கே டேப் ஒட்டிவிட்டுச் செய்வது நல்லது. மெஷின் வைத்திருப்பவர்களிடம் கடன் வாங்கினால் ஆட்டமும் சுழற்சியும் சேர்ந்த டூயல் ஆக்‌ஷன் மெஷினாக இருக்கட்டும். ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி, பழகாத கையில் சில நொடிகளில் பெயின்ட்டைச் சுட்டுவிடும். பளபளப்பில்லாத மேட் பெயின்ட் வண்டியாக இருந்தால் இந்தப் பத்தி முழுவதையும் மறந்துவிடுங்கள். மேட்டை மெருகேற்றினால் அந்த இடம் மட்டும் பளபளக்கும், அதைத் திரும்ப மேட் ஆக்க வழி கிடையாது.

காம்பவுண்டுக்கு அடங்காமல், ஆனால் கிளியர் கோட்டுக்குள்ளேயே இருக்கும் கீறலுக்கு வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், போடலாம். முதலில் 2000 எண் பேப்பர், பிறகு அதைவிட நைஸான 2500 அல்லது 3000. பேப்பரைச் சில நிமிஷம் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு தட்டையான ரப்பர் கட்டையில் சுற்றி, சோப்பு கலந்த தண்ணீரை விட்டுக்கொண்டே தேய்க்க வேண்டும். பால் மாதிரி வெள்ளையாக நீர் வந்தால் கிளியர் கோட் தேய்கிறது என்று அர்த்தம். வண்டியின் நிறம் நீரில் தெரிந்த நொடியில் நிறுத்திவிடுங்கள். கிளியர் கோட் முடிந்துவிட்டது. கிளியர் கோட்டே இல்லாமல் ஒரே பூச்சாக அடிக்கப்பட்ட பழைய வண்டிகளில் முதல் தேய்ப்பிலேயே நிறம் வரும். அது வேறு விஷயம், கண்ணில் படாத ஓர் இடத்தில் காம்பவுண்ட் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். வெளிப்படையாகச் சொல்கிறேன்: முதல் தடவை செய்பவருக்கு வாட்டர் பேப்பரை நான் சிபாரிசு செய்வதில்லை. லேசாக மங்கிய ஒரு கோடு மிச்சமிருந்தால் அப்படியே விட்டுவிடுவது புத்திசாலித்தனம். இரண்டடி தள்ளி நின்றால் உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. கிளியர் கோட் ஓட்டையானால் கொஞ்ச காலத்தில் வெயில் பட்டு அந்த இடம் வெளுத்து உரியத் தொடங்கும்.

பானெட்டில் கல் பட்ட புள்ளிகளுக்கு வருகிறேன். மூன்றில் பார்க்கச் சின்னது இது, அவசரமானதும் இதுதான். கீறல் காத்திருக்கும், துரு காத்திருக்காது. ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி பானெட்டில் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அது அலுமினியமாக இருக்கும். செந்துரு வராது, வந்தால் வெள்ளைப் பொடியாக அரிக்கும். ஒட்டினால் இரும்பு, புள்ளியின் ஓரத்தில் பெயின்ட் லேசாகக் கொப்பளித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கொப்பளம் இருந்தால் கண்ணுக்குத் தெரிவதைவிடத் துரு அடியில் பரவியிருக்கிறது. அதன்மேல் பெயின்ட் வைத்து மூடினால் உள்ளே வளர்ந்துகொண்டே போகும்.

செய்முறை இது. வண்டியின் நிறக் குறியீடு, அதாவது கலர் கோடு, டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் சட்டத்திலோ, பானெட்டுக்கு அடியிலோ ஸ்டிக்கரில் இருக்கும். 'வெள்ளை', 'சில்வர்' என்று கேட்டு வாங்காதீர்கள். அந்தக் கோடுக்கு உரிய டச்-அப் பாட்டிலும், சின்ன கிளியர் பாட்டிலும், உலோகம் தெரிந்தால் கொஞ்சம் பிரைமரும் வேண்டும். புள்ளிக்குள் துரு இருந்தால் உப்புத்தாளைக் கூராகச் சுருட்டி, அதன் முனையால் பளிச்சென்று உலோகம் தெரியும்வரை சுரண்டுங்கள். எட்டாத துளியூண்டு மிச்சத்துக்குத் துரு மாற்றி வைக்கலாம். பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ உள்ள திரவம் அது, துருவை நிலையான கறுப்பு அல்லது சாம்பல் படலமாக மாற்றும். பிறகு ஆல்கஹாலால் துடையுங்கள். இந்தத் துடைப்பை விடாதீர்கள். முன்பு போட்ட பாலிஷில் சிலிக்கான் இருந்திருந்தால் பெயின்ட் அங்கே ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகிப் போகும்.

பாட்டில் மூடியோடு வரும் பிரஷ் புள்ளியைவிடப் பெரியது. அதை ஒதுக்கிவிட்டுப் பல் குத்தும் குச்சியை எடுங்கள். பாட்டிலை நன்றாகக் குலுக்கி, குச்சியின் நுனியில் ஒரு துளி. குழியின் நடுவில் தொட்டதும் துளி தானாகவே விளிம்புவரை பரவும். நீங்கள் தேய்த்துப் பரப்ப வேண்டாம். விளிம்பைத் தாண்டி வழிந்தால் ஆல்கஹால் தொட்ட துணியை விரலில் இறுக்கிச் சுற்றி, குழிக்கு மேலே தட்டையாக ஒரு முறை இழுத்துவிடுங்கள். காயக் காயக் கரைப்பான் ஆவியாகிப் போவதால் பெயின்ட் சுருங்கி நடுவில் குழிந்து நிற்கும். அதனால் ஒரே தடவையில் நிரப்பப் பார்க்காமல், அரை மணி, ஒரு மணி இடைவெளி விட்டு மூன்று நாலு தடவை வையுங்கள். முதலில் பிரைமர், பிறகு நிறம், கடைசியில் கிளியர். முடிவில் சுற்றியுள்ள மட்டத்தைவிட ஒரு மயிரிழை மேடாக இருக்கட்டும். குறைந்தது ஒரு வாரம் காயவிட்டு, விருப்பமிருந்தால் 2500 பேப்பரில் நகக்கண் அளவு வெட்டி பென்சிலின் தட்டையான பின்பக்கத்தில் ஒட்டி, மேட்டை மட்டும் மட்டமாக்கிக் காம்பவுண்ட் போடலாம். மேடாகவே விட்டாலும் துரு வராது. நாம் எதற்காகச் செய்தோமோ அது நடந்துவிட்டது. கதவுக் கீறலில் பிரைமர் தெரியும் நடுப்பகுதிக்கும் இதே முறைதான். குச்சிக்குப் பதிலாக மெல்லிய ஓவியப் பிரஷ், அவ்வளவுதான் வித்தியாசம்.

நிறம் அப்படியே பொருந்துமா? மெட்டாலிக் இல்லாத சாதா நிறங்களில் ஏறக்குறையப் பொருந்தும். மெட்டாலிக்கில் பொருந்தாது, அதற்குத் தயாராக இருங்கள். ஸ்பிரேயில் அடிக்கும்போது உலோகத் துகள்கள் ஒரு மாதிரி படுத்திருக்கும். பிரஷ்ஷில் வைக்கும்போது வேறு மாதிரி கிடக்கும். அதனால் ஒரே கலர் கோடு, ஒரே பாட்டில் என்றாலும் புள்ளி கொஞ்சம் அடர்த்தியாகத் தெரியும். பல அடுக்காக அடிக்கும் முத்து நிறங்களில் இது இன்னும் அதிகம். அவசரத்துக்கு நிறமில்லாத நெயில் பாலிஷ் வைப்பது பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். கல் பட்ட அன்றைக்கு ஈரம் உள்ளே போகாமலிருக்கத் தற்காலிகமாக வைக்கலாம். நாளடைவில் மஞ்சளித்து உரியும். நிஜ டச்-அப் வைக்கும் முன் அதைச் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும்.

ஸ்பிரே டப்பா பற்றி ஒரு எச்சரிக்கை. சின்னப் புள்ளிக்கு ஸ்பிரே அடித்தால் புள்ளியைவிடப் பத்து மடங்கு இடத்தில் நிறம் படரும், அந்த எல்லையை மறைப்பதுதான் இந்தத் தொழிலிலேயே கஷ்டமான கை வேலை. அதையும் மீறி அடிப்பதாக இருந்தாலும், டப்பாவின் அடியில் பட்டனைத் தட்டி ஹார்டனரை, அதாவது இறுக வைக்கும் திரவத்தை, கலக்கும் 2கே கிளியரை வீட்டில் அடிக்காதீர்கள். அதில் ஐசோசயனேட் என்கிற ரசாயனம் இருக்கிறது. சுவாசத்தில் போனால் ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருமுறை உடம்பு அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால் பிறகு மிகக் கொஞ்சம் பட்டாலே மூச்சுத் திணறும். நாங்கள் பெயின்ட் அடிப்பதற்கான தனி அறையில் அடிக்கும்போது வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி போட்டுக்கொண்டுதான் அடிக்கிறோம். சாதாரண துணி மாஸ்க்கோ தூசி மாஸ்க்கோ இதற்கு எந்தப் பாதுகாப்பும் தராது. இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

பம்பர் நசுங்கல் உங்களுக்குச் சாதகமான விஷயம். இன்றைய பம்பர்கள் பெரும்பாலும் பாலிபுரோபிலீன் வகைப் பிளாஸ்டிக்; சூட்டில் இளகும், பழைய வடிவத்துக்குத் திரும்பவும் பார்க்கும். பெயின்ட் வெடிக்காமல் வெறும் உள்வாங்கலாக இருந்தால், கொதித்து இறக்கிய தண்ணீரை நசுங்கலின் மேலும் சுற்றிலும் நிதானமாக ஊற்றுங்கள். கையில் தடிமனான கையுறை போட்டு, பம்பருக்கு அடியிலிருந்து கைவிட்டு, குழியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெளியே தள்ளுங்கள். சில நேரம் டப்பென்று தானே வந்துவிடும். வந்ததும் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வடிவம் நிற்கும். ஹேர் டிரையராலும் செய்யலாம். ஒரே இடத்தில் காட்டாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். ஹீட் கன் வேண்டாம், பெயின்ட் குமிழிடும். பிளாஸ்டிக்கில் கூர்மையான மடிப்பு விழுந்திருந்தால் அந்த மடிப்புக் கோடு கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

தள்ளுவதற்கு முன் ஒன்று பாருங்கள். பம்பரின் மூலைகளுக்குப் பின்னால்தான் பார்க்கிங் சென்சார்களும், சில வண்டிகளில் பக்கவாட்டில் வரும் வண்டியைக் கண்டுபிடிக்கும் ரேடாரும் இருக்கும். உங்கள் வண்டியில் ரேடார் இருந்தால் அந்த இடத்தில் பட்டி போடுவது, கனமாகப் பெயின்ட் ஏற்றுவது எதுவும் கூடாது. அதன் பார்வை தடுமாறும். பம்பர் ஒரு பக்கம் இறங்கியிருந்தாலோ, டிக்கி மூடும்போது இடைவெளி இரண்டு பக்கமும் சமமாக இல்லாவிட்டாலோ அடி உள்ளே வரைக்கும் போயிருக்கிறது. அதை நேரில் பார்க்காமல் யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது, கழற்றிப் பார்க்கக் கொடுங்கள்.

அந்தச் சூடு தந்திரத்தைக் கதவுத் தகட்டில் காட்டினால்? ஹேர் டிரையரால் சூடாக்கி ஐஸ் வைத்தால் நசுங்கல் துள்ளி வெளியே வரும் என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 சென்டிமீட்டர் எஃகு, 50 டிகிரி சூடேறினால் சுமார் 0.06 மில்லிமீட்டர்தான் நீளும். அகலமாக, ஆழமில்லாமல், விரலால் அமுக்கினாலே டொக் டொக்கென்று ஆடும் நசுங்கல் என்றால் இந்தச் சின்ன அசைவே போதும், வந்துவிடும். ஆனால் அப்படிப்பட்டதை ரப்பர் உறிஞ்சியே இழுத்துவிடும். மடிப்பு விழுந்த நசுங்கலில் தகடு ஏற்கெனவே நீண்டுவிட்டது. ஐஸ் வைத்தால் தண்ணீர்தான் மிஞ்சும். அப்படிப்பட்டதில் பெயின்ட் உடையாமல் இருந்தால், பெயின்ட் அடிக்காமலே உள்ளிருந்து கம்பியால் நெம்பி எடுக்கும் டிங்கரிங் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போவது முழுப் பேனல் அடிப்பதைவிடக் குறைவாகவே ஆகும். நீங்களே சுத்தியலைத் தொட்டுத் தகட்டை இன்னும் நீட்டிவிட்டால் அவர்களாலும் முடியாமல் போகும்.

ஆகவே இந்த வாரம் பானெட் புள்ளிகளை முடியுங்கள். ஓய்வு கிடைக்கும் நாளில் பம்பருக்கு வெந்நீர். கதவுக் கீறலைக் கடைசியில் வைத்துக்கொண்டு, முதலில் காம்பவுண்ட், மிஞ்சினால் ஆழமான நடுப்பகுதிக்கு மட்டும் டச்-அப். டச்-அப் வைத்த இடங்களில் குறைந்தது ஒரு மாதத்துக்கு வேக்ஸ் போடாதீர்கள். பெயின்டுக்குள் மிச்சமிருக்கும் கரைப்பான் வெளியேற அவ்வளவு நாளாவது வேண்டும். அந்த மாதத்தில் வண்டியைக் கையால் ஷாம்பு போட்டுக் கழுவினால் போதும், பிரஷர் வாஷரை அந்தப் புள்ளிகளின் மேல் நேராகப் பிடிக்க வேண்டாம்.